நூற்றிருபது கேலன்

கார்னியில் கடையைக் கட்டிய பல்மருத்துவரிடம்
கண்ணாடித் தொட்டி விலைக்கு வந்தது.
காத்திருப்போர் அறையில் இருந்ததாம்.
ஓரத்தில் இன்னும் ஒட்டியிருந்தது
‘தட்டாதீர்கள்’ என்ற தாள்.
லீலண்ட் அதைக் கிழிக்கவில்லை.

நெப்ராஸ்காவில் எந்தத் திசையில் வண்டியை விட்டாலும்
கடலுக்கு இரண்டு நாள்.
நாங்கள் இருவருமே போனதில்லை.
“இங்கே வரவழைத்துவிடலாம்” என்றான்,
பீட்சாவைச் சொல்வதுபோல்.

முதலில் நிலவறைக்கு இறங்கி
உத்தரங்களை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தான்.
கேலனுக்கு எட்டரை பவுண்டு. பாறை தனி, மணல் தனி.
“ஹாலில் எந்நேரமும் ஒரு சினைமாடு
நிற்பதாக வைத்துக்கொள், டோரீன்.”
மாட்டுக்கு இரண்டு இரும்புத் தூண் முட்டுக் கொடுத்தான்.
கம்பளத்துக்கு ஒரு சாண் தள்ளி
தரையில் வட்டமாய் ஓட்டை அறுத்தான்.
நீர் அதன் வழியே இறங்கி,
நுரைக்கும் உருளையில் அழுக்கைத் துப்பி,
மோட்டாரில் ஏறி மேலே வர வேண்டும்.
இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.
மூன்றாம் நாள்
டார்ச் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது.

எங்கள் கிணற்று நீர் ஆகாதாம்.
சோளக்காட்டு உரம் இறங்கிய நீர்;
சோதனைக் குழாயில் செக்கச்சிவந்தது.
இருபத்தாறு வருஷம் நாங்கள் காபி போட்டது
மீனுக்கு ஆகாது.
நான்கு வடிகட்டிகளை வரிசையாய் மாட்டினான்.
ஒரு வாரம் கழித்து சிங்க்குக்கு அடியில் குனிந்தபோது பார்த்தேன்:
பென்சில் பருமனில் ஒரு வெள்ளைக் குழாய்
அங்கிருந்து என் சமையலறைவரை வந்திருந்தது.
அவனும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

குப்பைத்தொட்டி ஒன்றில் கடல் கலந்தான்.
ஒரு சொட்டைக் கருவியில் வைத்து
ஒற்றைக்கண்ணால் பல்பைப் பார்ப்பான்:
முப்பத்துமூன்று. போதாது. இன்னும் ஒரு கோப்பை உப்பு.
காசு, கடலில் கரைத்த பெருங்காயம்.

பிறகு பாறைகள் வந்தன, ஈரக் காகிதத்தில் சுற்றி,
ஃப்ளோரிடாவிலிருந்து, இறால்கூடை வாடையோடு.
அதன்பின் ஒன்றுமே இல்லை.
ஆறு வாரம் வெறும் நீருக்கு விளக்குப் போட்டோம்.
அமோனியா ஏறியதும் இறங்கியதும்
ஃப்ரிட்ஜ் கதவில் எண்களாய் நீண்டு
என் மளிகைப் பட்டியலை ஓரம் தள்ளின.
பக்கத்து வீட்டு ஆர்லிஸ் வந்து நெடுநேரம் பார்த்தாள்.
“அழகாயிருக்கிறது” என்றாள்.
பிறகு, “எது?”

பிப்ரவரியில் பனிப்புயல்.
புரொபேன் லாரியோடு ப்ரோக்கன் போ பக்கம் அவன் சிக்கிக்கொண்டான்.
இரவு பதினொன்றுக்குக் கரண்ட் போனது.
மோட்டார் நின்றதும்
வீட்டுக்குக் காது அடைத்ததுபோல் இருந்தது.
போனில் சொன்னான்: தொட்டிக்குப் போர்வை சுற்று.
பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மொண்டு
உயரத்திலிருந்து ஊற்று, காற்று கலக்கட்டும்.
யாருக்கு, என்றேன். மீனே இல்லையே.
“பாறைக்கு. அது உயிரோடு இருக்கிறது.”

மொண்டேன். ஊற்றினேன். கையெல்லாம் உப்பு.
நக்கிப் பார்த்தேன்.
இதுதானா.

இரண்டரை மணிக்கு, டப்.
கண்ணாடி விரிகிறது என்று உயிரே போனது.
மூலை மூலையாய்த் தடவினேன். ஈரமில்லை.
மறுபடி, டப்.
டார்ச் வெளிச்சத்தில், பாறையின் ஒரு பொந்தில்
சுண்டுவிரல் நீளத்துக்கு ஓர் இறால்;
ஒரு கை மட்டும் குத்துச்சண்டைக்காரனுடையது.
அதைச் சொடுக்கிக்கொண்டிருந்தது.
ஃப்ளோரிடாவிலிருந்து டிக்கெட் இல்லாமல் வந்திருக்கிறது.
ஆறு வாரமும் சொடுக்கியிருக்கும்;
மோட்டார் இரைச்சலில் யார் கேட்டோம்?

மதியம் அவன் வந்தான்.
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வெப்பமானியைப் பார்த்தான்.
நான்கு டிகிரி இறங்கியது, என்றேன்.
“வேறு ஏதாவது?”
இப்படி ஒட்டிக்கொண்டு வருவதைப்
பொறி வைத்துப் பிடித்துவிடுவார்கள் என்று
ஒருநாள் அவனே வாசித்துக் காட்டியிருந்தான்.

இல்லை, என்றேன்.
ஓரத்துத் தாள் ஈரத்தில் ஒரு முனை எழும்பியிருந்தது.
கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன்.